தாத்தா காலத்துச் செவர்லே லாரி: ஆறு சிலிண்டர் இன்ஜினை அப்படியே கட்டலாமா, தேற்றிக் கட்டலாமா, மாற்றியே விடலாமா?

அல்சூர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் பக்கம் சில வீடுகளில் தாத்தா ஓட்டிய லாரி இன்னும் ஷெட்டில் நிற்கிறது. வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பெங்களூருவுக்கு வந்து லாரித் தொழிலில் கால் ஊன்றிய குடும்பங்கள். தொழில் எப்போதோ போய்விட்டது, வண்டியை விற்க மட்டும் மனசு வரவில்லை. இப்போது பேரன் கையில் கொஞ்சம் காசு புரள்கிறது. ஆயுத பூஜைக்காவது அதை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்த வேண்டும் என்று ஆசை. ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை தள்ளுகிறது, அடியில் எங்கேயோ தட்டுகிறது.

மெக்கானிக்கைக் கேட்டால் ஆளுக்கொரு பதில். "அப்படியே கட்டிடலாம் சார், இரும்பு நல்ல இரும்பு" என்பார் ஒருவர். "அமெரிக்காவுல இருந்து 235 இன்ஜினை வரவழைங்க" என்பார் இன்னொருவர். "டாட்டா இன்ஜினைத் தூக்கி வெச்சா தொல்லை விட்டுது" என்பார் மூன்றாமவர். என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று பதிலையும் வாங்கிக்கொண்டு குழம்பிப்போய்த்தான் வருகிறார்கள். மூன்றுமே சில வண்டிகளுக்குச் சரியான பதில்தான். ஆனால் மூன்றையும் இன்ஜினைத் திறந்து அளக்காமலே சொல்லியிருப்பார்கள்.

## முதலில், உங்களிடம் இருப்பது எந்த இன்ஜின்?

ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாய் சிவ்ரியில் வண்டிகளைப் பூட்ட ஆரம்பித்து 1954-இல் கடையைக் கட்டியது. அதனால் இங்கே மிஞ்சியிருக்கும் செவர்லே லாரிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். 1937-இல் வந்தது. மூன்றரை அங்குல போர் (சிலிண்டரின் விட்டம்), மூன்றே முக்கால் அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் நான்கு மெயின் பேரிங், நாற்பதுகளில் 90 குதிரைசக்தி. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஏலத்தில் வந்த ராணுவச் செவர்லே லாரிகளிலும் இதே இன்ஜின்தான்.

இதன் அண்ணன்கள் இரண்டு: 235, 261. 235 பெரிய லாரிகளுக்கென்று 1941-லேயே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய 235 உள்ளுக்குள் 216 மாதிரியேதான். 1954 முதல்தான் எல்லா 235-லும் கழற்றி மாட்டும் ஷெல் பேரிங்கும் முழு அழுத்த ஆயிலும் வந்தன. ஆகவே "235 கிடைச்சிருக்கு" என்று யாராவது போன் செய்தால் பக்கவாட்டில் இருக்கும் புஷ்ராடு மூடியின் போட்டோவைக் கேளுங்கள். மூடி உயரமாக ஏறி ஸ்பார்க் பிளக் வரை சுற்றி நின்றால் பழைய வகை. பிளாக்கோடு நின்றுவிட்டால் புதிய வகை. இது தெரியாமல் பழைய 235-ஐப் புதிய விலைக்கு வாங்கிவந்தவர்கள் உண்டு.

216-இன் சங்கதி முழுவதும் அதன் ஆயில் ஓட்டத்தில் இருக்கிறது. மெயின் பேரிங்குகளுக்குப் பம்பிலிருந்து ஆயில் போகும். பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளுக்குப் போகாது. ஒவ்வொரு ராடின் அடியிலும் ஒரு சின்னக் கரண்டி இருக்கும். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பில் இருக்கும் தொட்டியில் அது முக்கி எடுத்துக்கொள்ளும். வேகம் ஏறினால் சம்பில் இருக்கும் குழாய்முனைகள் அந்தக் கரண்டியைக் குறிபார்த்து ஆயிலைப் பீச்சும். ராடில் ஷெல் கிடையாது, பேபிட் என்கிற ஒயிட் மெட்டலை நேரே ராடிலேயே உருக்கி ஊற்றியிருப்பார்கள். பிஸ்டன் வார்ப்பிரும்பு. ஆயில் மீட்டரே 30 பவுண்டு வரைதான் காட்டும். ஓட்டத்தில் 14 பவுண்டு காட்டினால் இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். இன்றைய வண்டி ஓட்டிப் பழகியவர்கள் அந்த முள்ளைப் பார்த்துப் பதறிப்போய் இன்ஜினை இறக்கிவிடுகிறார்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

வண்டி என்ன வேலை செய்யப்போகிறது. இதுதான் முதல் அளவுகோல். கப்பன் பார்க்கைச் சுற்றி ஞாயிறு காலையில் ஒரு ரவுண்டு, வருஷத்துக்கு ஒரு வின்டேஜ் ஊர்வலம் என்றால் ஒரு கணக்கு. சொந்த ஊருக்கு ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகப் போய், சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஏறி வர வேண்டும் என்றால் வேறு கணக்கு.

வேகம் வேண்டும் என்பதற்காகவே பெரிய இன்ஜின் தேடுகிறவர்கள் ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்கட்டும். ஒன்றரை டன் செவர்லே லாரியின் பின் ஆக்சில் விகிதம் 6.17. 7.50-20 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.85 மீட்டர் உருளும். டாப் கியரில் இன்ஜின் 2,500 சுற்றில் ஓடினால் வண்டி மணிக்கு 69 கி.மீ. போகும், 3,000 சுற்றில் 83. இன்ஜின் 90 குதிரையானாலும் 135 குதிரையானாலும் இந்தக் கணக்கு மாறாது. வேகத்தை ஆக்சில் முடிவு செய்கிறது, இன்ஜின் முடிவு செய்வது அந்த வேகத்தில் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும், ஏற்றத்தில் எந்த கியருக்கு இறங்க வேண்டும் என்பதை. அரை டன் வண்டியில் ஆக்சில் 4.11, சக்கரம் சிறியது. அங்கே 2,500 சுற்றிலேயே 80 கி.மீ. வந்துவிடும்.

பெங்களூருவுக்கென்று ஒரு கழிவும் உண்டு. நாம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். டர்போ இல்லாத இன்ஜினுக்கு இங்கே சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும்.

கிராங்கும் பிளாக்கும் என்ன சொல்கின்றன. கிராங்க் ஷாஃப்ட்டில் ராடு உட்காரும் ஜர்னலின் ஸ்டாண்டர்டு அளவு 2.311 அங்குலம். மைக்ரோமீட்டரை ஒரு திசையில் ஒரு முறையும், அதற்குக் குறுக்கே ஒரு முறையும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒன்றரை, இரண்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வித்தியாசம் வந்தால் கிரைண்டிங் தப்பாது. பிளாக்கைச் சுத்தமாகக் கழுவி விரிசல் பார்க்க வேண்டும். ஹெட்டில் இரண்டு வால்வுகளுக்கு நடுவில் விரிசல் விழுவது இந்த இன்ஜின்களின் பழைய வியாதி. இந்த இரண்டு சோதனையும் முடியாமல் எந்தப் பக்கமும் முடிவெடுக்காதீர்கள். சோதனைக்கு ஆகும் செலவு மொத்தத்தில் ஒரு தூசு.

கை. பாகத்தைவிடக் கைதான் இப்போது அரிது. இதைப் பற்றிக் கீழே விவரமாக.

ஆர்.சி. இன்ஜின் நம்பர் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் பிளாக்கின் வலதுபுற மேடையில் குத்தியிருக்கும். அது ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே டார்ச் அடித்துப் பாருங்கள். தாத்தா காலத்திலேயே யாராவது இன்ஜினை மாற்றியிருந்தால் "ஒரிஜினல்" என்ற வாதமே அடிபட்டுவிடும்.

இன்னொன்று. 2021-இல் வந்த வின்டேஜ் வாகன விதியை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது, 'வி.ஏ.' வரிசை நம்பர், பத்து வருட ரிஜிஸ்ட்ரேஷன் என்றெல்லாம். அது இருசக்கர வண்டிகளுக்கும், சொந்த உபயோகத்துக்கான எம்1 வகை, அதாவது பயணிகள் காருக்கும் எழுதிய விதி. சரக்கு லாரி என்று ஆர்.சி.யில் இருக்கும் வண்டிக்கு அந்தக் கதவு தானாகத் திறக்காது. உங்கள் ஆர்.சி.யில் வகை என்னவென்று போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் பேசுங்கள்.

## இறக்குவதற்கு முன் ஒரு காலை வேலை

இன்ஜினைத் திறக்கவே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஆறு சிலிண்டரையும் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட ஆறும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதுதான் முக்கியம். குறைந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. வருஷக்கணக்காக நின்ற வண்டியில் ஒட்டிக்கொண்ட வால்வும் மாட்டிக்கொண்ட ரிங்கும் சகஜம். ஓடவிட்டாலே சில நேரம் சரியாகிவிடும்.

தட்டுகிற சத்தத்துக்கு, இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக்காக ஷார்ட் பண்ணுங்கள். எந்த சிலிண்டரை நிறுத்தினால் சத்தம் அமுங்குகிறதோ அந்த ராடுதான். 216-இல் சம்பை இறக்கி, அந்த ராடின் கேப்பிலிருந்து ஷிம் என்னும் மெல்லிய இடைத்தகடு ஒன்றை உருவி இறுக்கினால் சத்தம் போய்விடுவதுண்டு. லாரிக்காரர்கள் இதை ரோட்டோரத்திலேயே செய்திருக்கிறார்கள். அது நிரந்தர வைத்தியம் அல்ல என்றாலும், ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்கு ரொம்ப நாள் போதும்.

## வழி 1: இருந்தபடியே கட்டுவது

பேபிட்டைப் புதிதாக ஊற்றி, கிராங்கைக் கிரைண்ட் செய்து, போர் போட்டு, அதே வகை பிஸ்டன் ரிங் மாட்டி, ஆறு வோல்ட்டை ஆறு வோல்ட்டாகவே விடுவது.

இந்த வழிக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஷெல் பேரிங் என்றால் பத்து, இருபது, முப்பது தௌ என்று கம்பெனி போடுகிற சைஸுக்குத்தான் கிராங்கை அறுக்க முடியும், அந்த சைஸில் ஷெல் கிடைக்கவும் வேண்டும். பேபிட்டுக்கு அந்தக் கவலை இல்லை. ஜர்னல் சுத்தமாகும் வரை எவ்வளவு தேவையோ அவ்வளவே எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு ஊற்றிக் கடைந்துகொள்ளலாம். முன்பே இரண்டு தடவை கிரைண்ட் ஆன கிராங்கைக் காப்பாற்ற இதுதான் வழி. ஒருவேளை ஆயில் வற்றினாலும் பேபிட் தான் வழிந்து ஓடி கிராங்கைக் காப்பாற்றிவிடும்.

சிக்கல் ஊற்றுகிற கையில். ஜெ.சி. ரோடு, கலாசிபாளையம் பக்கம் கிராங்க் கிரைண்டிங் பட்டறைக்குப் பஞ்சம் இல்லை. ஒயிட் மெட்டல் ஊற்றத் தெரிந்தவர் அபூர்வம். வேலை தெரிந்தவரைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம்: உருகிய உலோகத்தின் சூட்டை எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். ஒரு மேஸ்திரி பட்டறையில் பார்த்தது இது. கரண்டி உலோகத்தில் காகிதத் துண்டு ஒன்றை நுனி படும்படி நீட்டினார். காகிதம் தீப்பிடித்தது. "இன்னும் ஆறட்டும் தம்பி, இது கொதி" என்று ஒதுங்கி நின்றார். அடுத்த தடவை காகிதம் எரியாமல் காபிப்பொடி நிறத்துக்குக் கருகியது. அப்போதுதான் ஊற்றினார். அதற்கு முன்பே ராடைச் சூடேற்றி, உள்ளே ஈயப் பூச்சு கண்ணாடி மாதிரி பிடித்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தார். பூச்சுப் பிடிக்காத இடத்தில் பேபிட் இரும்போடு ஒட்டாது, கொஞ்ச நாளில் பெயர்ந்துவிடும். ராடு ஆறியதும் சுத்தியலால் லேசாகத் தட்டிக் காதைக் கொடுத்தார். கணீர் என்றால் ஒட்டியிருக்கிறது, மொத்தென்றால் மறுபடி உருக்க வேண்டியதுதான். உங்கள் ஊற்றுக்காரர் இதையெல்லாம் செய்யாமல் கேஸ் டார்ச்சை மட்டும் காட்டினால் ராடுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மறைமுகச் செலவு ஆயில் சம்பில் இருக்கிறது. எத்தனையோ ஜாக்கிகள் அதன் வயிற்றைக் குத்தி நெளித்திருக்கும். நெளிந்தால் குழாய்முனை கரண்டியைப் பார்க்காது, பேபிட் எவ்வளவு நன்றாக ஊற்றினாலும் அந்த ஒரு ராடு மட்டும் திரும்பத் திரும்பப் போகும். அந்தக் காலத்தில் முனைகளைக் குறிபார்க்கத் தனி கேஜே கொடுத்தார்கள். இப்போது சம்பைச் சமதளத்தில் உட்காரவைத்து, தண்ணீர் பீச்சி, ஒவ்வொரு தாரையும் எங்கே விழுகிறது என்று அளந்து சரிசெய்ய வேண்டும். பொறுமையான வேலை. கூலிக்குச் செய்கிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள், நீங்களே நில்லுங்கள்.

நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் அழுத்திப் பிடித்து ஓட்டுவதற்கு இந்த இன்ஜின் பிறக்கவில்லை. வார்ப்பிரும்பு பிஸ்டனின் எடையும் கரண்டி ஆயிலும் சேர்ந்து அதைத் தடுக்கின்றன. அதை ஏற்றுக்கொண்டால் நிம்மதியாக ஓடும்.

## வழி 2: தேற்றிக் கட்டுவது

வெளியே பார்த்தால் அதே 216. உள்ளே தேவையான இடத்தில் மட்டும் இந்தக் காலத்து வேலை. என்னைக் கேட்டால் பெங்களூரு வண்டிகளில் பாதிக்கு மேல் இதுதான் பொருந்தும். ஆனால் "அப்கிரேடு" என்று சொல்லி எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள், அதில் பாதி வீண். எது உதவும், எது உதவாது என்று பார்க்கலாம்.

வால்வு சீட்: இந்தியா முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல் 2000-லேயே வந்துவிட்டது. ஈயம் இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு தன் வார்ப்பிரும்பு சீட்டைத் தின்னும் என்பது உண்மை. அது நடப்பது சூட்டிலும் பாரத்திலும் நீண்ட ஓட்டத்திலும். ஊருக்குள் மெதுவாக ஓடுகிற வண்டிக்கு அவசரம் இல்லை. ஆனால் ஹெட் எப்படியும் பட்டறையில் இருக்கும்போது எக்ஸாஸ்ட் பக்கம் ஆறுக்கும் கடின சீட் அடித்துவிடுவது புத்திசாலித்தனம். இன்டேக் பக்கம் தேவையே இல்லை. அடிப்பதற்கு முன் விரிசல் பார்த்தாயிற்றா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேளுங்கள். சீட்டுக்காகக் கடையும்போது மெல்லிய சுவர் தண்ணீர் ஜாக்கெட்டில் ஓட்டை போட்டுக்கொள்ளும்.

பெட்ரோல்: இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமையும் ரப்பர் ஓஸையும் எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். டேங்கில் இருக்கும் துருவைக் கழற்றி கார்புரேட்டருக்கு அனுப்பும். எத்தனால் தாங்கும் டயாஃப்ரம், ஓஸ், டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஃபில்டர் ஆகிய மூன்றும் கட்டாயம். எத்தனால் கலந்தால் கலவை மெலிந்துபோகும், பெங்களூரு உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கலவை தடிக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு சரிக்கட்டிவிடுவதால் கார்ட்டர் டபிள்யூ-1 கார்புரேட்டரின் ஜெட்டை அவசரப்பட்டுப் பெரிதாக்காதீர்கள். ஓட்டிப் பார்த்து, பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 216-இன் கம்ப்ரஷன் 6.5 சொச்சம்தான், அதற்கு விலை உயர்ந்த ஹை-ஆக்டேன் பெட்ரோல் போடுவது காசைக் கரியாக்குவது.

பிஸ்டன்: மாதிரி கொடுத்து அலுமினிய பிஸ்டன் செய்துகொள்ளலாம். எடை குறைவதால் ராடுக்கு நல்லது. போர் போடுகிறவரிடம் "அலுமினியம்" என்று எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் போதாது. இரும்புக்கு விடும் இடைவெளியையே அலுமினியத்துக்கும் விட்டால் சூட்டில் விரிந்து சீஸ் ஆகிவிடும். ஆறையும் தராசில் வைத்து எடை ஒத்துப்போகச் செய்ய வேண்டும்.

ஷெல் பேரிங்: ராடைக் கடைந்து ஷெல் உட்காரவைப்பது நடக்கிற காரியம்தான். ஆனால் ஆயில் என்னவோ அதே கரண்டியில்தான் வரும். ஷெல் போட்டால் 216 முழு அழுத்த இன்ஜினாக மாறிவிடாது. நல்ல பேபிட் கை கிடைத்தால் நான் பேபிட்டையே ஊற்றச் சொல்வேன். கை கிடைக்கவில்லை என்றால் மட்டும் ஷெல்.

மின்சாரம்: ஆறு வோல்ட்டில் ஸ்டார்ட்டர் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிறது என்று பன்னிரண்டுக்கு மாறுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். பன்னிரண்டு வோல்ட் வண்டியின் ஒல்லி கேபிளை ஆறு வோல்ட்டுக்கு மாட்டினால் எப்படி இழுக்கும்? விரல் தடிமன் கேபிள், பெயின்ட் சுரண்டிய எர்த் இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். பிளாட்டினம் பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் மாட்யூல் போடலாம். ஆனால் வழியில் நின்றால் பாயின்ட்டை ஒரு உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம், மாட்யூலை ஒன்றும் செய்ய முடியாது.

மறைமுகச் செலவு ஆயில் விஷயத்தில். கட்டாத பழைய இன்ஜினில் திடீரென்று இந்தக் காலத்து டிடர்ஜென்ட் ஆயிலை ஊற்றினால் எழுபது வருஷத்துச் சேறு கிளம்பி குழாய்முனைகளை அடைக்கும். முழுக்கக் கழுவிக் கட்டிய இன்ஜினுக்குப் பயமில்லை.

## வழி 3: 235 அல்லது 261-க்கு மாறுவது

தொப்பூர் ஏற்றத்துக்குச் சரியான விடை இது. 1954-இன் லாரி 235 சுமார் 112 குதிரை, அதே வருஷம் வந்த 261 சுமார் 135. ஷெல் பேரிங், அழுத்த ஆயில், அலுமினிய பிஸ்டன். கிளட்ச் ஹவுசிங் போல்ட்டுகள் 216-ஓடு ஒத்துப்போகும். பானெட்டைத் திறந்தால் தெரிந்தவருக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

"போல்ட் ஒத்துப்போகும்" என்பதோடு பேச்சு நின்றுவிடுவதுதான் ஆபத்து. 1955-க்குப் பிந்தைய 235-இல் வாட்டர் பம்ப் இடம் மாறிவிட்டது. பழைய ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடையே இடம் பற்றாது, அடாப்டர் தகடு வேண்டும். ஆறு வோல்ட் ஃப்ளைவீலில் 139 பல், பன்னிரண்டு வோல்ட்டில் 168. ஸ்டார்ட்டரும் ஃப்ளைவீலும் ஜோடி மாறினால் கரகரவென்று பல் தேயும். 261-க்கு 235-இன் ஹெட்டைப் போட்டால் நீராவித் துளைகளை வழிகாட்டி பார்த்துத் துளைத்தாக வேண்டும். ஒட்டிப்பிறந்த சிலிண்டர்களுக்கு நடுவே அங்கேதான் சூடு தேங்கும்.

பெரிய செலவு கப்பலில். இன்ஜின் கால் டன்னுக்கு மேல் எடை. சுங்க வரியைச் சரக்கின் விலைக்கு மட்டும் போட மாட்டார்கள், கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த தொகைக்குப் போடுவார்கள். அதற்கு மேல் ஐ.ஜி.எஸ்.டி. அதோடு பழைய பொருள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் வருவது, டி.ஜி.எஃப்.டி. எனும் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். யாராவது "கன்டெய்னர்ல போட்டு அனுப்பிடறேன்" என்றால், துறைமுகத்தில் நாள் கணக்கில் ஏறும் டெமரேஜை யார் கட்டுவது என்று முதலிலேயே கேளுங்கள். வந்து இறங்கும் இன்ஜினும் அறுபது வருஷப் பழசுதான். அதையும் திறந்து கட்டித்தான் ஆக வேண்டும்.

உள்நாட்டிலேயே, ஆர்.சி. காகிதத்தோடு, புதிய வகை 235 கிடைத்தால் யோசிக்காமல் பாருங்கள். பழைய 216-ஐ மட்டும் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கழுவி, ஆயில் பூசி, பிளக் ஓட்டைகளை அடைத்து ஒரு மூலையில் வையுங்கள்.

## வழி 4: டீசல்

இது நம் ஊருக்குப் புதிதல்ல. பெட்ரோல் லாரிகளுக்கு டீசல் இன்ஜின் மாட்டுவது ஒரு காலத்தில் அன்றாட வேலை. பெர்க்கின்ஸ் பி6 ஆறு சிலிண்டர் அதற்கென்றே பேர் போனது. பெர்க்கின்ஸ் டீசல்களைச் சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனி உரிமம் வாங்கித் தயாரித்தது. இன்றைக்குப் பேச்சில் அடிபடுவது டாட்டா 697. ஆறு சிலிண்டர், 97 மி.மீ. போர், 128 மி.மீ. ஸ்ட்ரோக், 5,675 சி.சி., மெர்சிடீஸ் பரம்பரை. கலாசிபாளையத்தில் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் அதற்கு ஏதாவது ஒரு பாகம் கிடைக்கும். மெக்கானிக் பஞ்சமும் இல்லை. வண்டி தினம் பாரம் சுமக்க வேண்டும் என்றால் இந்த வாதத்துக்கு எதிர்வாதம் கிடையாது.

ஆனால் மேலே போட்ட ஆக்சில் கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள். இந்த டீசலின் உச்சம் 2,800 சுற்று. 6.17 ஆக்சிலோடு அது மணிக்கு 78 கி.மீ. மூவாயிரத்தைத் தாண்டி ஓடக்கூடிய பழைய பெட்ரோல் இன்ஜினைவிடக் குறைவு. வேகம் வேண்டுமானால் ஆக்சிலும் மாற வேண்டும், பிறகு கியர் பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், முன் ஸ்பிரிங், ரேடியேட்டர் என்று சங்கிலி நீளும். பிரேக் பூஸ்டர் பெட்ரோல் இன்ஜினின் மேனிஃபோல்டிலிருந்து வாக்குவம் எடுத்துக்கொண்டிருக்கும். டீசலில் அந்த வாக்குவம் இல்லை, தனி பம்ப் வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு ஓட்டினால் மிதி கல்லாய் நிற்கும். அரை டன் வண்டியாக இருந்தால் 1954 வரை வந்தவற்றில் டார்க் டியூப், அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை மூடி பின் ஆக்சிலோடு இணைக்கும் குழாய் இருக்கும். அதில் டீசலைப் பூட்டுவது வண்டியைப் பாதி அறுப்பதற்குச் சமம்.

காகிதம் இதைவிடக் கஷ்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அனுமதி வாங்காமல் மாற்றம் செய்யக் கூடாது. கம்பெனி கொடுத்த மூல விவரக் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. எரிபொருள் மாறினால் ஆர்.சி.யின் முதல் பக்கமே மாறுகிறது. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லும் ஏஜென்டை நம்பி இன்ஜினை வாங்கிவிடாதீர்கள். விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் வரும்போது அந்த ஏஜென்ட் பக்கத்தில் இருக்க மாட்டார்.

## பக்கம் பக்கமாக

| | இருந்தபடி 216 | தேற்றிய 216 | 235 / 261 | டீசல் |
|---|---|---|---|---|
| மொத்தச் செலவு | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் (இறக்குமதி என்றால்) | இன்ஜின் மலிவு, பூட்டும் வேலை அதிகம் |
| எதிர்பாராத செலவு | பேபிட் சரியாக ஒட்டாமல் மறுவேலை, ஆயில் சம்ப் | ஹெட் விரிசல், சொல்லிச் செய்த பிஸ்டன் | வரி, டெமரேஜ், வாட்டர் பம்ப், ஃப்ளைவீல் | பிரேக் வாக்குவம், ஸ்பிரிங், ரேடியேட்டர் |
| வேலைக்கு ஆள் | அரிது | கிடைக்கும் | கிடைக்கும் | தாராளம் |
| நீண்ட ஏற்றம் | மூச்சு வாங்கும் | கொஞ்சம் தேவலை | நன்றாக ஏறும் | மிக நன்று |
| ஆர்.சி. சிக்கல் | இல்லை | இல்லை | இன்ஜின் நம்பர் மாறும் | நம்பரும் எரிபொருளும் மாறும் |
| பழைய நிலைக்குத் திரும்ப | தேவை இல்லை | எளிது | முடியும் | ஏறக்குறைய முடியாது |

## யாருக்கு எது

நம்பர் ஒத்துப்போகிறது, கிராங்க் ஒரு கிரைண்டிங் தாங்கும், வண்டி ஊருக்குள்தான் ஓடும் என்றால் முதல் வழியும் இரண்டாவது வழியும் மட்டுமே பேச்சு. இரண்டுக்கும் நடுவே பேபிட் கை கிடைக்கிறதா என்பதுதான் தீர்ப்பு. குடும்பத்தோடு சேலம், ஈரோடு வரை வருஷத்துக்குச் சில தடவை போய்வர ஆசை, காசும் பொறுமையும் இருக்கிறது என்றால் 235 தேடுங்கள். தேடிக் கிடைக்கும்வரை 216-ஐ ஷிம் சரிசெய்து ஓட்டலாம். வண்டி சம்பாதித்தாக வேண்டும் என்றால் அந்தப் பழைய சேஸிஸில் டீசல் மாட்டுவதைவிட ஒரு செகண்ட் ஹேண்ட் லாரி வாங்குவது மேல் என்பது என் கட்சி. செவர்லே ஷெட்டிலேயே இருக்கட்டும். டீசல் எனக்கு நியாயமாகப் படும் ஒரே இடம், முன்பே யாரோ டீசல் மாட்டி, ஆர்.சி.யிலும் டீசல் என்று ஏறிவிட்ட வண்டி. அதைப் பெட்ரோலுக்குத் திருப்பப் போராடாமல் அந்த டீசலையே நன்றாகக் கட்டுங்கள்.

பிளாக்கே வெடித்திருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். தண்ணீர் ஜாக்கெட்டின் வெளிச் சுவரில் விரிசல் என்றால் தையல் முறையில் ஊசிகள் அடித்து மூடலாம், பெங்களூருவில் செய்கிறார்கள். சிலிண்டர் சுவரில் என்றால் லைனர் அடித்துப் பார்க்கலாம். மெயின் பேரிங் இருக்கையில் விரிசல் என்றால் அந்த பிளாக் முடிந்தது. அப்போது சிவாஜிநகர் குஜரியில் (பழைய பாகச் சந்தையில்) இன்னொரு 216 பிளாக் தேடுங்கள். அரிதுதான், ஆனால் ராணுவ ஏலத்தில் வந்தவை இன்னும் எங்கெங்கோ தலைகாட்டுகின்றன. கிடைத்தால் பணம் கொடுக்கும் முன் நம்பர் மேடையைப் பாருங்கள். யாராவது அதை அரத்தால் தேய்த்து மழுங்கடித்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் அந்த பிளாக் வேண்டாம், ஆர்.டி.ஓ. கண்ணில் அது திருட்டு இன்ஜின். நம்பர் சுத்தமாக இருந்தால் விற்பவரிடம் பில்லும், பழைய வண்டியின் காகிதம் இருந்தால் அதன் நகலும் வாங்கிக்கொண்டு, நேராக கிராங்க் பட்டறைக்குக் கொண்டுபோய் முதலில் விரிசல் சோதனைக்குப் போடுங்கள்.